எடிட்டருக்குள் ஒரு பிரவுசர்: ஈமேக்ஸில் இணையம் படிக்கலாம்

இணையதளம் பார்க்க ஒரு பிரவுசர், குறிப்பு எழுத ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் என்று இரண்டு புரோகிராம்களைத் தனித்தனியே பயன்படுத்தி நமக்குப் பழகிவிட்டது. டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ளேயே ஒரு பிரவுசர் இருந்தால் எப்படி இருக்கும்? படிக்கும் பக்கம் ஒரு புறம், எழுதும் குறிப்பு மறு புறம். விளம்பரம் இல்லை, தானாக ஓடும் வீடியோ இல்லை. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் இது ஓடும்.

ஈமேக்ஸ் என்ற இலவச டெக்ஸ்ட் எடிட்டரில் இந்த வசதி இருக்கிறது. அதை எப்படி இன்ஸ்டால் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது, எர்ரர் செய்தி வந்தால் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது ஆகியவற்றை இங்கே பார்ப்போம். கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. இன்ஸ்டால் செய்வது ஐந்து நிமிட வேலை. தமிழ்ப் பக்கத்தைச் சரியாகத் தெரிய வைப்பதில்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சிறு விளக்கம். கட்டளைகளையும் கீகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்திடும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும். நடுவில் இடைக்கோடு இருந்தால் அதையும் சேர்த்து டைப் செய்யவும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எடிட்டருக்குள் பிரவுசர் எப்படி வந்தது?

ஈமேக்ஸின் வேர் 1976-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் தொடங்குகிறது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டார். மற்ற எடிட்டர்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. லிஸ்ப் என்னும் கம்ப்யூட்டர் மொழி இதற்குள்ளேயே இருக்கிறது. புதிய வசதி வேண்டுமா? லிஸ்ப்பில் எழுதி உள்ளே சேர்த்துவிடலாம். இப்படித்தான் காலண்டர், இமெயில், கால்குலேட்டர் எல்லாம் இந்த எடிட்டருக்குள் வந்து குடியேறின. பிரவுசரும் அப்படி வந்ததுதான்.

ஈமேக்ஸுக்குள் இணையம் பார்க்க இன்று இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. முதலாவது, ஈடபிள்யூடபிள்யூ. ஆங்கிலத்தில் ஈ, டபிள்யூ, டபிள்யூ என்ற மூன்று எழுத்துகள். இதை நார்வே நாட்டின் லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் எழுதினார். 2014 அக்டோபரில் வந்த ஈமேக்ஸ் 24.4 பதிப்பிலிருந்து இது ஈமேக்ஸுடனேயே வருகிறது. இரண்டாவது, டபிள்யூ3எம். ஜப்பானின் அகினோரி இட்டோ 1995-ல் எழுதிய, எழுத்துகளை மட்டும் காட்டும் தனி பிரவுசர் இது. இதை ஈமேக்ஸுக்குள் கொண்டுவர ஒரு இணைப்பு பேக்கேஜ் உண்டு.

புதியவர்கள் ஈடபிள்யூடபிள்யூவில் தொடங்குவது நல்லது. தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

யாருக்குப் பயன்படும்?

முதலில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மடிக்கணினிகளும், அப்போது கடையில் வாங்கிய கம்ப்யூட்டர்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. இன்றைய பெரிய பிரவுசர்களைத் தாங்கும் நினைவகம் அவற்றில் இல்லை. 32 பிட் கம்ப்யூட்டராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. பயர்பாக்ஸும் 2025-ல் நிறுத்திக்கொண்டது. டெபியன் லினக்ஸின் 12-ம் பதிப்பை 32 பிட் கம்ப்யூட்டரில் நேரடியாக இன்ஸ்டால் செய்யலாம். 2025-ல் வந்த 13-ம் பதிப்பில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது, நிறையப் படித்துக் குறிப்பெடுப்பவர்களுக்கு. ஆராய்ச்சி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

மூன்றாவது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. இதற்கு நம் நாட்டில் பிறந்த ஒருவரையே உதாரணமாகச் சொல்லலாம். டி.வி. ராமன் புனேயில் வளர்ந்தவர். கிளாக்கோமா நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். புனே பல்கலைக்கழகத்தில் கணிதமும், மும்பை ஐஐடியில் முதுகலையும் படித்து, 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1995-ல் ஈமேக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமேக்ஸில் நடக்கும் எல்லாவற்றையும் குரலில் சொல்லும் மென்பொருள் அது. 2005-ல் கூகுளில் சேர்ந்த அவர், இணையப் பக்கங்களைப் படிப்பதையும் ஈமேக்ஸுக்குள் கொண்டுவந்தார். படம், வண்ணம், அலங்காரம் எல்லாம் நீங்கி எழுத்து மட்டும் மிஞ்சும்போது அதைக் குரலாக மாற்றுவது எளிதாகிவிடுகிறது. நமக்கு வசதியாக இருப்பது அவர்களுக்கு வாசலாகவே இருக்கிறது.

இன்ஸ்டால் செய்தல்

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஈமேக்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டவும். பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்தால் ஈமேக்ஸும் அதற்கு வேண்டிய துணை நூலகங்களும் இறங்கிவிடும்.

விண்டோஸில் குனு அமைப்பின் தளத்திலிருந்து ஈமேக்ஸ் இன்ஸ்டாலரை டவுன்லோட் செய்யவும். அங்கே பல பைல்கள் இருக்கும். துணை நூலகங்கள் நீக்கப்பட்ட, அளவில் சிறிய பைல் ஒன்றும் அவற்றில் உண்டு. சிறியதாக இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். பிரவுசருக்குத் தேவையான நூலகங்கள் அதில் இருக்காது. இன்ஸ்டாலர் என்ற பெயர் உள்ள பைலையே எடுக்கவும்.

முடிந்தவரை 27 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்தவும். 2020-ல் வந்த 27-ம் பதிப்பிலிருந்துதான் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைப்பு நூலகத்தை ஈமேக்ஸ் முதன்மையாகப் பயன்படுத்துகிறது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியாக வைப்பது இந்த நூலகத்தின் வேலை. தமிழ் படிக்கும் நமக்கு இது மிக முக்கியம்.

முதல் பக்கத்தைத் திறப்போம்

ஈமேக்ஸைத் திறக்கவும். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு எக்ஸ் கீயைத் தட்டவும். விண்டோவின் அடியில் கர்சர் வந்து நிற்கும். அங்கே ஈடபிள்யூடபிள்யூ என்று டைப் செய்து என்டர் தட்டவும். முகவரி கேட்கும். இணைய முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் திறக்கும். முகவரிக்குப் பதில் சில சொற்களைக் கொடுத்தால் டக்டக்கோ தேடுதளத்தில் தேடி முடிவுகளைக் காட்டும்.

பக்கம் திறந்தபின் மவுஸ் இல்லாமலே வேலை செய்யலாம். டேப் கீ அடுத்த இணைப்புக்கு நகர்த்தும். என்டர் அந்த இணைப்பைத் திறக்கும். எல் கீ முந்தைய பக்கத்துக்குத் திரும்பும். ஜி கீ பக்கத்தை மீண்டும் இறக்கும். ஷிப்டுடன் ஜி புதிய முகவரி கேட்கும். பி கீ புக்மார்க் சேர்க்கும். ஷிப்டுடன் பி புக்மார்க் பட்டியலைக் காட்டும். டி கீ டவுன்லோட் செய்யும். கியூ கீ மூடிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஷிப்டுடன் ஆர். செய்தித் தளங்களில் பக்கத்தின் மேலும் கீழும் மெனுக்களும் இணைப்புகளும் நிறைந்திருக்கும். இந்தக் கீயைத் தட்டினால் அவை விலகி, கட்டுரை மட்டும் நிற்கும்.

படித்துக்கொண்டே குறிப்பெடுக்க

கண்ட்ரோல் எக்ஸ் தட்டி, பின் 3 தட்டவும். விண்டோ இடம் வலமாக இரண்டாகப் பிரியும். கண்ட்ரோல் எக்ஸ் தட்டி ஓ தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். ஒரு பாதியில் பக்கத்தை வைத்துக்கொண்டு, மறு பாதியில் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஃப் கொடுத்து ஒரு குறிப்பு பைலைத் திறக்கவும். பக்கத்தில் வேண்டிய வரியின் தொடக்கத்தில் கண்ட்ரோல் ஸ்பேஸ் தட்டி, முடிவு வரை கர்சரை நகர்த்தி, ஆல்ட் டபிள்யூ தட்டினால் அது காப்பி ஆகும். குறிப்பு பைலில் கண்ட்ரோல் ஒய் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தின் முகவரியும் வேண்டுமா? இணைப்பு எதன் மேலும் கர்சர் இல்லாதபோது வெறும் டபிள்யூ தட்டினால் முகவரி காப்பி ஆகிவிடும்.

தமிழில் எழுத வேறு மென்பொருள் தேவையில்லை. ஆல்ட் எக்ஸ் தட்டி, செட்-இன்புட்-மெத்தட் என்று கொடுத்து, தமிழ்-ஐட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் என்று டைப் செய்யவும். பெயர் முழுதும் நினைவில்லை என்றால் தமிழ் என்பதன் ஆங்கில எழுத்துகளை மட்டும் டைப் செய்து டேப் கீயை இருமுறை தட்டினால் கிடைக்கும் முறைகள் பட்டியலாக வரும். பின் கண்ட்ரோலும் பின்சாய்வுக் கோடும் தட்டித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். எந்தக் கீயில் எந்த எழுத்து என்று அறிய கண்ட்ரோல் எச் தட்டி, தொடர்ந்து கண்ட்ரோல் பின்சாய்வுக் கோடு தட்டவும்.

பழகுவதற்கு ஏற்ற தளம் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. சங்க இலக்கியம் முதல் நவீன இலக்கியம் வரை இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் எழுத்து மட்டுமே இருப்பதால் ஈடபிள்யூடபிள்யூவில் நன்றாகத் தெரியும்.

கோளாறு எங்கே? நான்கு படிகள்

இனி பிரச்னைகளுக்கு வருவோம். பெரிய பிரவுசரில் ஏதாவது தவறினால் ஒரு வருத்தச் செய்தியோடு நின்றுவிடும். ஈமேக்ஸில் அப்படி இல்லை. ஒரு பக்கம் நம் கண்ணுக்கு வருவதற்குள் நான்கு படிகளைக் கடக்கிறது. ஒன்று, இணைப்பு. இரண்டு, பாதுகாப்புச் சோதனை. மூன்று, பக்கத்தின் எச்டிஎம்எல் குறிகளைப் பிரித்தறிதல். நான்கு, எழுத்தைத் திரையில் வரைதல். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது, ஃபியூஸ் போனதற்கு வீட்டு வயரிங்கையே மாற்றுவது போலத்தான்.

முதலில் ஒரே இடத்தில் மூன்று படிகளைச் சோதித்துவிடலாம். கண்ட்ரோல் எச் தட்டி, பின் வி தட்டவும். சிஸ்டம்-கான்பிகரேஷன்-பீச்சர்ஸ் என்று டைப் செய்து என்டர் தட்டவும். உங்கள் ஈமேக்ஸில் சேர்ந்திருக்கும் வசதிகள் பெரிய எழுத்துகளில் பட்டியலாக வரும். அதில் மூன்று பெயர்களைத் தேடவும்: குனுடிஎல்எஸ், லிப்எக்ஸ்எம்எல்2, ஹார்ஃப்பஸ். முதலாவது பாதுகாப்புச் சோதனைக்கு, இரண்டாவது குறிகளைப் பிரித்தறிய, மூன்றாவது எழுத்தை வரைய. மூன்றும் இருந்தால் உங்கள் ஈமேக்ஸ் நலமாக இருக்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

இதை ஒரு உண்மைக் கம்ப்யூட்டரில் பார்ப்போம். சங்கரன்கோவிலில் எங்கள் சித்தி மகள் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். அவளிடம் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி. கல்லூரி சீனியர் ஒருவர் அதில் டெபியன் 12 போட்டுக் கொடுத்திருந்தார். பிரவுசரில் மூன்று டேப் திறந்தால் நான்காவதற்கு எல்லாம் உறைந்துவிடும். “இதைப் பழைய விலைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னா இப்பக் கையில காசு இல்ல தம்பி” என்றார் சித்தப்பா. அவளுக்குத் தேவை சிலப்பதிகாரம் படித்துக் குறிப்பெடுப்பது. அதற்குப் புதிய கம்ப்யூட்டர் தேவையில்லை என்று நினைத்து ஈமேக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் சந்தித்தவற்றைப் படிவாரியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இணைப்பு

தளத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், அது ஈமேக்ஸின் பிரச்னை அல்ல. இன்டர்நெட் இணைப்பே இல்லை, அல்லது முகவரி தவறு. மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துகிறவர்கள் போனில் டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவும். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்கில் பிராக்ஸி இருந்தால் அதை ஈமேக்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆல்ட் எக்ஸ் தட்டி, கஸ்டமைஸ்-வேரியபிள் என்று கொடுத்து, யூஆர்எல்-பிராக்ஸி-சர்வீசஸ் என்ற அமைப்பைத் திறந்து நிரப்பவும்.

பக்கம் பெரியதாக இருந்து ஈமேக்ஸ் அசையாமல் நின்றால் கண்ட்ரோல் ஜி தட்டவும். நடந்துகொண்டிருக்கும் வேலை நின்று, கட்டுப்பாடு உங்கள் கைக்கு வரும். படங்களால்தான் தாமதம் என்றால், அதே கஸ்டமைஸ்-வேரியபிள் வழியில் எஸ்எச்ஆர்-இன்ஹிபிட்-இமேஜஸ் என்ற அமைப்பை ஆன் செய்து சேமிக்கவும். டேட்டாவும் மிச்சமாகும்.

இரண்டாம் படி: பாதுகாப்புச் சோதனை

சித்தி மகளின் மடிக்கணினி முதலில் நின்றது இந்தப் படியில்தான். எந்தத் தளத்தைத் திறந்தாலும், அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. எல்லாத் தளங்களின் சான்றிதழும் ஒரே நாளில் கெட்டுப்போக முடியாது. எனவே, சந்தேகப்பட வேண்டியது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை. தேதியைப் பார்த்தால் சில ஆண்டுகள் பின்னால் இருந்தது!

காரணம் எளிது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட, உள்ளே பட்டன் வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் இது 3 வோல்ட் அளவுள்ள, 2032 என்ற எண் கொண்ட செல். வயதான கம்ப்யூட்டர்களில் இது தீர்ந்துவிடும். இணையச் சான்றிதழ் ஒவ்வொன்றும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. கம்ப்யூட்டர் பழைய ஆண்டில் நின்றால், இன்றைய சான்றிதழ் அதற்கு எதிர்காலத்தில் பிறக்கப் போகிற ஒன்று! இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதி லினக்ஸில் உண்டு. அந்த மடிக்கணினியில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை ஆன் செய்ததும் எச்சரிக்கை மறைந்தது. பேட்டரியையும் பின்னர் மாற்றினோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவும். இந்த எச்சரிக்கை வரும்போது, இப்போது மட்டும் அனுமதி, எப்போதும் அனுமதி என்ற வழிகளையும் ஈமேக்ஸ் காட்டும். தொல்லை விட்டால் போதும் என்று எப்போதும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். தேதி சரியாக இருந்தும் ஒரு தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால் அந்தத் தளத்தை விட்டு வெளியேறுவதே நல்லது.

ஈமேக்ஸ் 26.1, 26.2 பதிப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. டிஎல்எஸ் 1.3 என்ற புதிய பாதுகாப்பு முறையோடு ஒத்துப்போகாமல் பேக்கேஜ் பட்டியல் இறங்காமல் நின்றுவிடும். 2019 ஆகஸ்டில் வந்த 26.3 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. அப்டேட் செய்வதே இதற்கு வழி.

மூன்றாம் படி: குறிகளைப் பிரித்தறிதல்

ஈமேக்ஸ் லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்துடன் தயாரிக்கப்பட வேண்டும் என்ற செய்தி வந்தால், அந்த நூலகம் இல்லை என்று பொருள். விண்டோஸில், மேலே சொன்ன சிறிய பைலை எடுத்தவர்களுக்கு இது வரும். இன்ஸ்டாலர் பைலை எடுத்து மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும். லினக்ஸில் மூல நிரலை இறக்கித் தாங்களே தயாரித்தவர்களுக்கு வரலாம். அவர்கள் அந்த நூலகத்தின் டெவலப்மென்ட் பேக்கேஜைப் போட்டுவிட்டு மறுபடி தயாரிக்க வேண்டும்.

எர்ரர் எதுவும் இல்லாமல் பக்கம் வெறுமையாக வந்தாலோ, ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குங்கள் என்ற ஒரு வரி மட்டும் வந்தாலோ, அது கோளாறே அல்ல. ஈடபிள்யூடபிள்யூ ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்காது. அதை முழுதும் நம்பிக் கட்டப்பட்ட தளங்களில் இங்கே படிக்க எதுவும் இருக்காது. ‘அண்ட்’ குறியைத் தட்டவும். அந்தப் பக்கம் மட்டும் உங்கள் வழக்கமான பிரவுசரில் திறக்கும்.

நான்காம் படி: எழுத்தை வரைதல்

கடிகாரம் சரியானதும் பக்கம் இறங்கியது. ஆனால், “அண்ணே, எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது” என்றாள் சித்தி மகள். அவள் சொன்னது நல்ல செய்தி. கட்டம் ஒவ்வொன்றுக்குள்ளும் சிறிய எண்களும் எழுத்துகளும் இருந்தன. அவை அந்தந்தத் தமிழ் எழுத்தின் யூனிகோட் எண்கள். அதாவது, எழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. அதை வரைய எழுத்துரு மட்டும்தான் இல்லை. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் என்ற கட்டளை கொடுத்து லோஹித் தமிழ் எழுத்துருவைப் போட்டு, ஈமேக்ஸை மூடித் திறந்ததும் புகார்க் காண்டம் பளிச்சென்று வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு உடன் வருவதால் அங்கே இந்தப் பிரச்னை அரிது.

கட்டம் இல்லை, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றால் எழுத்துரு இருக்கிறது, எழுத்து அமைப்பு நூலகம் இல்லை. பட்டியலில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தும் சரியாகவில்லையா? ஈமேக்ஸை டெர்மினலுக்குள் திறந்திருக்கலாம். அங்கே எழுத்தை வரைவது டெர்மினல்தான், ஈமேக்ஸ் அல்ல. தனி விண்டோவில் திறந்து பார்க்கவும்.

ஓர் எழுத்து மட்டும் சந்தேகமாக இருந்தால் அதன் மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோல் யூ, கண்ட்ரோல் எக்ஸ், சமக்குறி என்று வரிசையாகத் தட்டவும். அந்த எழுத்தின் யூனிகோட் பெயரும், எந்த எழுத்துருவால் வரையப்பட்டது என்பதும் தெரியும்.

பழைய தமிழ்த் தளங்கள்

எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால், அது எழுத்துருப் பிரச்னை அல்ல, என்கோடிங் பிரச்னை. ஷிப்டுடன் ஈ தட்டி, யூடிஎஃப்-8 என்று கொடுத்துப் பார்க்கவும். பல பக்கங்கள் இதிலேயே சரியாகிவிடும்.

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழில் டிஸ்கி என்ற முறை புழக்கத்தில் இருந்தது. மதுரைத் திட்டமும் முன்பு அந்த முறையில் நூல்களைத் தந்து, பின்னர் யூனிகோடுக்கு மாறியது. அத்தகைய பழைய பைல் கையில் இருந்தால் லினக்ஸில் மாற்றிவிடலாம். ஐகான்வ் என்ற கட்டளை டிஸ்கியை அறியும். ஐகான்வ், இடைக்கோடு எஃப், டிஸ்கி என்பதன் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஐந்து (டி, எஸ், சி, ஐ, ஐ), இடைக்கோடு டி, யூடிஎஃப்-8, பழைய பைலின் பெயர், வலப்பக்க அம்புக்குறி, புதிய பைலின் பெயர் என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு டைப் செய்யவும். இடைக்கோட்டுக்கும் அதையடுத்த எழுத்துக்கும் இடையில் மட்டும் இடைவெளி கூடாது. புதிய பைலை ஈமேக்ஸில் திறந்தால் தமிழ் வரும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த எழுத்துருக்களில் தயாரான பக்கங்களை இந்த வழியில் மாற்ற முடியாது. அவற்றுக்குத் தனி மாற்றி மென்பொருள் வேண்டும்.

இரண்டாவது வழி: டபிள்யூ3எம்

ஈடபிள்யூடபிள்யூ பிடிக்கவில்லை என்றால், அல்லது அட்டவணைகள் நிறைந்த பக்கங்களைப் பார்க்க வேண்டியிருந்தால், டபிள்யூ3எம்மை முயன்று பார்க்கலாம். இதில் இரண்டு பொருள்கள் தேவை என்பதை மறக்க வேண்டாம். ஒன்று, டபிள்யூ3எம் பிரவுசர். இதை டெர்மினலில் ஆப்ட் மூலம் போடவும். மற்றொன்று, ஈமேக்ஸுக்கான இணைப்பு பேக்கேஜ். இது மெல்பா என்ற கிடங்கில் இருக்கிறது. கஸ்டமைஸ்-வேரியபிள் வழியாகப் பேக்கேஜ்-ஆர்ச்சீவ்ஸ் என்ற அமைப்பைத் திறந்து, மெல்பாவின் பெயரையும் அதன் தளத்தில் தரப்பட்டுள்ள பேக்கேஜ் முகவரியையும் சேர்த்துச் சேமிக்கவும். பின் ஆல்ட் எக்ஸ் தட்டி பேக்கேஜ்-ரிப்ரெஷ்-கன்டென்ட்ஸ், அதன்பின் பேக்கேஜ்-இன்ஸ்டால் கொடுத்து, டபிள்யூ3எம் என்று டைப் செய்யவும்.

டபிள்யூ3எம் என்ற புரோகிராம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், இணைப்பு இருக்கிறது, பிரவுசர் இல்லை. கட்டளையே தெரியவில்லை என்று வந்தால், பிரவுசர் இருந்தாலும் இணைப்பு இல்லை. இங்கும் அதே பாடம்தான். செய்தியை முழுதாகப் படித்தால் எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது?

வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ஆன்லைன் தேர்வு விண்ணப்பம், வீடியோ ஆகியவற்றுக்கு இது ஏற்றதல்ல. பெரும்பாலும் வேலையும் செய்யாது. அவற்றை அப்டேட் ஆகும் வழக்கமான பிரவுசரிலோ மொபைலிலோ செய்துகொள்ளவும். பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்திவிடக் கூடாது. டெபியனில் சூடோ ஆப்ட் அப்டேட், தொடர்ந்து சூடோ ஆப்ட் அப்கிரேட் என்ற இரு கட்டளைகளை வாரம் ஒருமுறை கொடுத்துவிடவும்.

ஒரு கம்ப்யூட்டரை ஓரம் கட்டும் முன் அதை எந்த வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள். படிப்பதும் எழுதுவதும்தான் வேலை என்றால், உங்கள் அலமாரியில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரே போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசு தட்டுங்கள். தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஈமேக்ஸைப் போடுங்கள். எங்காவது நின்றால், எந்தப் படி என்று முதலில் கேளுங்கள்: இணைப்பா, பாதுகாப்பா, பிரித்தறிதலா, எழுத்தா?